பங்க்கில் எதை ஊற்றுகிறீர்கள் என்று எழுதி ஒட்டுங்கள்: பெட்ரோலிய அமைச்சகத்துக்கு ஒரு மெக்கானிக்கின் திறந்த மடல்

பெறுநர்: பெட்ரோலிய, இயற்கை எரிவாயு அமைச்சகத்தின் அமைச்சர், செயலாளர் மற்றும் பெட்ரோல் விற்கும் எண்ணெய் நிறுவனங்களின் அதிகாரிகள்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். பெரம்பலூர் பக்கம் ஒரு சாலையோரத்தில் இருபத்திரண்டு வருடமாக டூ-வீலர் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் கரிசல் நிலமும் இருக்கிறது. மானாவாரி. பாதியில் பருத்தி, பாதியில் மக்காச்சோளம். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. பெட்ரோலில் நீங்கள் கலக்கச் சொல்கிற எத்தனால், அதாவது கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து வடிக்கிற சாராயம், அந்த விஷயத்தில் நான் இரண்டு பக்கமும் நிற்கிற ஆள். சோளம் விற்கும்போது நீங்கள் எனக்கு வேண்டியவர். ஸ்பேனரைக் கையில் எடுக்கும்போது உங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, எங்கள் ஊர்ப் பால்காரர் தன் பழைய மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வந்தார். பின்னால் இரண்டு கேன் பால். "தம்பி, பங்க்காரன் தண்ணியக் கலந்துட்டாம்ப்பா. நேத்துதான் இருநூறு ரூவாய்க்கு ஊத்துனேன். மிதிச்சு மிதிச்சு காலே போச்சு" என்றார். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றது. மேலே பெட்ரோல், கீழே கலங்கலாக வேறு ஏதோ. "பாத்தியா, நாஞ் சொல்லல?" என்று அங்கிருந்தே பங்க்கைப் பார்த்துச் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். பங்க் எதிரில்தான் இருக்கிறது.

"அண்ணே, அது வெறும் தண்ணி இல்ல, தண்ணியோட சேந்த எத்தனாலு" என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் இருப்பது போன்ற ஓர் அளவு ஜாடி வாங்கினேன். அதில் பங்க்கிலிருந்து புதிதாகப் பிடித்து வந்த பெட்ரோல் 50 மில்லி, நல்ல தண்ணீர் 50 மில்லி ஊற்றி, வாயை அடைத்து, நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். சுத்தப் பெட்ரோலாக இருந்தால் கோடு 50-லேயே நிற்கும். இப்போது விற்கிற பெட்ரோலில் கீழ் அடுக்கு ஏறக்குறைய 60 வரை ஏறிவிடுகிறது. பெட்ரோலில் இருந்த எத்தனால் முழுக்கத் தண்ணீரோடு கீழே போய்விட்டது என்று அர்த்தம். ஐந்தில் ஒரு பங்கு. அதைத்தான் நீங்கள் இ20 என்கிறீர்கள்.

பால்காரர் வண்டியில் நடந்ததும் இதே வேலைதான். டேங்க் மூடியின் ரப்பர் வாசர் போயிருந்தது. மழைத் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அந்தக் காலத்துப் பெட்ரோலாக இருந்தால் அந்தத் துளித் தண்ணீர் தனியாக அடியில் கிடக்கும், வடித்துவிட்டுப் போய்விடலாம். இப்போது தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் போனால், எத்தனாலையும் கூட்டிக்கொண்டு பிரிந்து அடியில் உட்காருகிறது. டேங்கின் அடியிலிருந்துதானே கார்புரேட்டருக்குக் குழாய் போகிறது? வண்டி அதைத்தான் முதலில் குடிக்கிறது. மேலே மிச்சம் இருப்பதோ எத்தனால் போன, ஆக்டேன் (இஞ்சின் தட்டாமல் எரிகிற தன்மை) குறைந்த பெட்ரோல். பங்க்காரர் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் அதை அவரும் வாயால் சொல்லவில்லை, எழுத்தாலும் சொல்லவில்லை. அந்தப் பங்க்கின் பம்பில் விலை இருக்கிறது, லிட்டர் இருக்கிறது. கலவை எவ்வளவு என்பது கண்ணில் படுகிற மாதிரி எங்கும் இல்லை.

எத்தனாலே வேண்டாம் என்று எழுத வந்தவன் இல்லை நான். இந்த நாடு எரிக்கிற கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. அங்கே ஒரு கப்பலை மறித்தால் இங்கே தக்காளி விலை ஏறுகிறது. 2003-இல் ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதம் கலந்து ஆரம்பித்தது, 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025-26-க்கு முன்னே இழுத்தீர்கள், 2025-லேயே எட்டியும் விட்டீர்கள். அரசாங்கம் வைத்த கெடுவுக்கு முன்னால் ஒரு காரியம் முடிவது எங்கள் பக்கம் அபூர்வம். பதினோரு வருடத்தில் 1.44 லட்சம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சம் என்று உங்கள் அமைச்சகம் சொல்கிறது. அதில் ஒரு பகுதியாவது கரும்புக்காரன் கைக்குப் போயிருக்கிறது என்பது எனக்கு நேரில் தெரியும். ஆலைக்கு வெட்டி அனுப்பிவிட்டு ஒன்றரை வருடம் நிலுவைக்காக அலைந்த சொந்தக்காரர்கள் எனக்கு இருக்கிறார்கள். சர்க்கரை விலை விழுந்தாலும் எத்தனால் பணம் ஆலைக்கு வருகிறது என்றால், கரும்புப் பணம் கேட்கிறவனுக்கு நாக்கில் கொஞ்சம் தைரியம் வரும்.

இஞ்சினுக்கும் எத்தனால் கெட்டது மட்டும் செய்வதில்லை. அதன் ஆக்டேன் 108-க்கு மேல். கலந்த பெட்ரோலின் ஆக்டேன் ஏறுகிறது, இஞ்சின் 'டக டக' என்று தட்டுவது குறையும். இந்த எரிபொருளுக்கென்றே அழுத்த விகிதத்தைக் கூட்டி இஞ்சின் செய்தால் நல்ல பிக்கப் கிடைக்கும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் பெட்ரோல் முழுசாக எரிகிறது. இ20 போட்டால் டூ-வீலர் புகையில் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையும் என்று, மத்திய அரசுக்குக் கொள்கை ஆலோசனை சொல்கிற நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை சொல்கிறது. நாள் முழுக்கப் புகைக்குழாய்க்குப் பின்னால் குந்தியிருக்கிற என் நுரையீரல் அதை வேண்டாம் என்று சொல்லாது. அதே அறிக்கை அசிட்டால்டிஹைடு என்கிற இன்னொரு கெட்ட வாயு கூடும் என்றும் சொல்கிறது. அதையும் நான்தான் மூச்சிழுக்கிறேன். சரி, போகட்டும்.

பட்டறையில் பார்ப்பதைச் சொல்கிறேன். 2020-க்குப் பின் வந்த பிஎஸ்-6 புகை விதிப்படி செய்த வண்டி, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் அடிக்கிற இன்ஜெக்ஷன் வண்டி, தினமும் ஓடுகிற வண்டி என்றால் எத்தனாலால் வந்த புகார் என்று ஒன்றைக்கூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. புகைக்குழாயில் இருக்கிற சென்சார் பார்த்துக்கொள்கிறது. எரிவதற்குப் பெட்ரோல் போதவில்லை என்றால் கொஞ்சம் கூட்டி அடிக்கிறது. மைலேஜ் சற்றுக் குறையும், வண்டி நிற்காது.

கார்புரேட்டர் வண்டிக்கு அந்த மூளை கிடையாது. பெட்ரோலை அளந்து விடுகிற அதன் ஜெட்டில் இருக்கிற ஓட்டை, கம்பெனியில் போட்ட நாளில் எவ்வளவோ அவ்வளவுதான். காற்றும் பெட்ரோலும் இன்ன விகிதம் என்று அன்றைக்குக் கணக்குப் பண்ணி வைத்தது. உள்ளேயே ஆக்சிஜன் சுமந்து வருகிற எரிபொருளை அதே ஓட்டை வழியாக விட்டால் கலவை மெலிந்துபோகிறது. நாங்கள் 'லீன்' என்போம். காலையில் சோக் இழுத்தும் ஸ்டார்ட் ஆகாது, ஐட்லிங் நிற்காது, மேடு ஏறினால் இழுவை இருக்காது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பிப் பார்ப்பேன். அதிலும் அடங்காவிட்டால் ஒரு நம்பர் பெரிய ஜெட் போடுவேன். பெரிய ஜெட் போட்டால் பெட்ரோல் கூடக் குடிக்கும். மறுபடி மைலேஜ் புகாரோடு வருவார்கள்.

அடுத்தது ரப்பர். பழைய வண்டியின் பெட்ரோல் டியூப், ஓ-ரிங், மிதவைக் கிண்ணத்து ஊசியின் ரப்பர் முனை. எத்தனால் இவற்றில் சிலதை உப்பவைக்கிறது, சிலதைக் காய்ந்த முறுக்கு மாதிரி ஆக்குகிறது. ஊசி முனை உப்பினால் சரியாக அடைக்காது, பெட்ரோல் வழிந்து சூடான இஞ்சின் மேல் சொட்டும். இதை நினைத்தால்தான் எனக்குப் பயம். பழைய டேங்கில் பத்து வருடமாகப் படிந்து கிடந்த பிசினை எத்தனால் கரைத்துக்கொண்டு வந்து ஜெட்டில் அடைக்கும். வெளிநாடு போன பையனின் வண்டியை வீட்டில் மூடி வைத்திருப்பார்கள், ஆறு மாதம் கழித்துக் கிண்ணத்தைத் திறந்தால் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதுவும் எங்கள் ஊரில் நிறைய.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். "எத்தனால் போட்டதுல இருந்து மைலேஜ் பாதியாப் போச்சு" என்று வருகிறவர்களில் பெரும்பாலோரின் வண்டியில் டயரில் காற்று இருக்காது, செயின் எண்ணெய் கண்டு ஆறு மாதம் ஆகியிருக்கும், ஏர் ஃபில்டர் களத்துமேட்டுத் தூசியால் அடைத்திருக்கும். செல்போனில் வருகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு இல்லாத நோய்க்கு மருந்து கேட்கிறார்கள். ஒருவர் பெட்ரோலோடு ஏதோ எண்ணெயைக் கலந்து ஊற்றி, நல்லா இருந்த இன்ஜெக்டரைக் கெடுத்துக்கொண்டு வந்தார். இந்த வதந்தியெல்லாம் யாரால் வளர்ந்தது? நீங்கள் விவரத்தைச் சொல்லாத இடத்தில் அவரவர் ஒன்றை நிரப்பிக்கொண்டார்கள்.

விவரம் உங்களிடம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு அதைக் கலந்தால் லிட்டருக்கு ஆறு, ஏழு சதவீதம் சக்தி குறையும். இதற்கு ஐஐடி வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். அதே 2021 நிதி ஆயோக் அறிக்கையில், கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு, அதாவது 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், அப்படிப்பட்ட டூ-வீலர்களில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு பங்க்கிலும் ஒட்டியிருந்தால் நான் பாதி வாக்குவாதத்தை மிச்சம் பிடித்திருப்பேன்.

3, 4 சதவீதம் சின்னக் கணக்குதானே என்று தோன்றும். பால்காரர் நாளைக்கு ஒரு லிட்டர் ஊற்றுகிறார். 4 சதவீதம் என்றால் வருடத்துக்குப் பதினாலரை லிட்டர், நூறு ரூபாய்க்குக் குறையாத பெட்ரோலில் ஏறக்குறைய 1,500 ரூபாய். வருடம் 1,500 ரூபாய் அவருக்கு ஒரு மூட்டைத் தீவனத்துக்குச் சமானம். அதற்கு மேல் டியூப், ரப்பர், என் கூலி. இந்தத் தேசத்தின் செலாவணி மிச்சத்தில் அவர் தன் பங்கைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

அந்த அறிக்கை இன்னொன்றும் சொன்னது. இப்படிக் கலந்த எரிபொருளைச் சாதாரணப் பெட்ரோலைவிட விலை குறைத்து விற்க வேண்டும், சக்தி குறைவதை அப்படித்தான் ஈடுகட்ட முடியும் என்றது. உங்கள் அமைச்சகம் 2025 ஆகஸ்டில் அதற்குப் பதில் சொன்னது: அந்த அறிக்கை வந்த காலத்தில் எத்தனால் பெட்ரோலைவிட மலிவு, இப்போது எத்தனால் கொள்முதல் சராசரி லிட்டருக்கு 71.32 ரூபாய், சுத்திகரித்த பெட்ரோலைவிட அதிகம், ஆகவே விலையைக் குறைக்க வழியில்லை. கணக்கு சரியாகவே இருக்கட்டும். அப்படியானால் நாங்கள் சக்தி குறைந்த ஒரு பொருளை, கூடுதல் அடக்கவிலை கொடுத்து வாங்குகிறோம். விவசாயிக்காக, நாட்டுக்காக என்றால் அதைச் செய்யவும் ஆள் இருக்கிறோம். அது ஒரு வரி என்று பெயர் சொல்லி வாங்குங்கள். லிட்டர் கணக்கில் மறைத்து எடுத்தால், மளிகைக்கடைத் தராசில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறவனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பால்காரர் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

பிரேசிலைப் பாருங்கள் என்று நீங்கள் எப்போதும் சொல்கிறீர்கள். பார்த்தேன். 1975-இல், எண்ணெய் விலை எகிறிய சமயத்தில் அவர்கள் ஆரம்பித்தார்கள். கொஞ்ச காலத்தில் முழு எத்தனாலில் ஓடும் கார்களே தெருவை நிறைத்தன. 1989 வாக்கில் சர்க்கரைக்கு நல்ல விலை வந்ததும் ஆலைகள் சர்க்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டன. எத்தனால் கிடைக்கவில்லை. பங்க் வாசலில் வரிசை. கார் வாங்கியவன் நடுத்தெருவில். அதன் பிறகு எத்தனால் கார் என்றாலே மக்கள் காத தூரம் ஓடினார்கள். அந்த நம்பிக்கை திரும்பி வந்தது 2003-க்குப் பிறகு, எந்தக் கலவையை ஊற்றினாலும் ஓடுகிற ஃப்ளெக்ஸ் கார் வந்தபோதுதான். இன்றைக்கு அங்கே பங்க்கில் எத்தனால் தனிக் குழாயில் இருக்கிறது, பெட்ரோல் தனிக் குழாயில் இருக்கிறது. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால் ஊற்று, மேலே போனால் பெட்ரோல் ஊற்று என்று டாக்சிக்காரர் மனக்கணக்குப் போடுகிறார். அவர்களுடைய பெட்ரோலிலும் கலப்பு உண்டு, 2025 ஆகஸ்டிலிருந்து 30 சதவீதம். ஆனால் அந்த ரோட்டில் ஓடுகிற வண்டியில் பெரும்பங்கு அதற்கென்றே செய்தது. அமெரிக்காவில் இ15 விற்கிற பம்பில் எந்த வருடத்துக்குப் பின் வந்த வண்டிக்கு அதை ஊற்றலாம் என்று லேபிள் ஒட்டியிருக்கிறது. நீங்கள் பிரேசிலின் சதவீதத்தை இறக்குமதி செய்தீர்கள், அந்த இரண்டாவது குழாயை விட்டுவிட்டீர்கள்.

இங்கே இ20 தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வர ஆரம்பித்தது 2023 ஏப்ரலில். அதற்கு முன் விற்ற கோடிக்கணக்கான வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. ஒரு டூ-வீலரை எங்கள் ஊரில் பதினைந்து வருடம் ஓட்டுவார்கள், பிறகு மச்சானுக்குக் கொடுப்பார்கள், அவர் இன்னும் ஐந்து வருடம். எரிபொருளைத் தேர்ந்தெடுக்கும் வசதி வேண்டும் என்று போட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. சட்டப்படி உங்கள் பக்கம்தான் தீர்ப்பு. எனக்கு இதில் சட்டம் பேசத் தெரியாது. ஆனால் பழைய வண்டிகளுக்குப் பாதுகாப்பாக இ10 கிடைக்க வேண்டும் என்று பேசியது நிதி ஆயோக்கின் அதே அறிக்கைதான். அது நீதிமன்றம் சொல்லித்தான் நடக்க வேண்டும் என்றில்லை.

இனி என் இன்னொரு தொழிலுக்கு வருகிறேன்.

பெரம்பலூர் என்றால் சோளம்தான். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளைகிற மாவட்டங்களில் முன்னால் நிற்பது எங்களுடையது. 2018-இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றபோது வயலைப் பார்க்கவே போகாமல் இருந்தவன் நான். பிறகு எத்தனால் ஆலைகள் சோளம் கேட்க ஆரம்பித்தன. சோளத்திலிருந்து எடுத்த எத்தனாலுக்கு லிட்டருக்கு 71.86 ரூபாய் என்று விலை வைத்தீர்கள். அதன் வாசம் எங்கள் களத்துமேடு வரை வந்தது. வியாபாரி தானாக போன் செய்து "எப்ப அடிக்கிறீங்க?" என்று கேட்டார். அதற்கு முன்னால் நாங்கள்தான் அவர் வீட்டு வாசலில் நிற்போம்.

அதே நேரம் நாமக்கல்லில் என் தங்கை மாப்பிள்ளை கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். "மச்சான், உங்க சோளம் வெல ஏறுனா எங் கோழி பட்டினி" என்பார், சிரித்துக்கொண்டுதான். நாங்கள் இருவரும் ஒரு நாள் கல்யாண வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு டன் சோளத்துக்கு 380 லிட்டர் எத்தனால். அப்படியென்றால் ஒரு லிட்டருக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் சோளம். ஒரு முட்டைக்குப் பின்னால் இருக்கிற சோளம் அறுபது கிராம் சொச்சம். ஆக, ஒரு லிட்டர் எத்தனால் நாற்பது முட்டைக்கான சோளத்தைக் குடிக்கிறது. இதில் ஒரு திருத்தம் உண்டு: எத்தனால் எடுத்த பிறகு சோளத்தில் மூன்றில் ஒரு பங்கு புரதச் சக்கையாகத் திரும்பி வருகிறது, அதையும் தீவனத்தில் கலக்கிறார்கள். பூஞ்சை நஞ்சு இல்லாமல் காயவைத்துக் கொடுத்தால் நல்ல சரக்கு. அதை அளவுக்கு மேல் கொடுத்தால் கோழி ஏற்காது என்பது மாப்பிள்ளையின் கட்சி. சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் சோளம் இறக்கியது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் போய்த் தானிய இறக்குமதியில் போய் நிற்கிறோமா என்று நான் கேட்டால், சோளக்காரன் நீயே கேட்கலாமா என்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

ஏனென்றால் அந்த நல்ல விலையும் நிலைக்கவில்லை. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கு அரிசியைக் கிலோ 22.50 ரூபாய்க்கு எத்தனால் ஆலைகளுக்குத் திறந்துவிட்டீர்கள். 2024-25 எத்தனால் ஆண்டுக்கு மட்டும் 52 லட்சம் டன் ஒதுக்கீடு. அதைக் கொள்முதல் செய்து, அரைத்து, அடுக்கிக் காக்க அரசுக்கு ஆகிற செலவு அந்த விலையைவிட எவ்வளவோ அதிகம். மலிவு அரிசி கிடைத்தால் ஆலைக்காரர் சோளத்தை ஏன் தேடுவார்? 2025 கடைசியில் கர்நாடகத்தில் ஆதார விலை குவிண்டால் 2,400 ரூபாய் இருக்க, சந்தையில் 1,600, 1,800-க்குச் சோளம் போனது. விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அன்னதாதா இனி ஊர்ஜதாதா, அதாவது சோறு போடுகிறவர் இனி எரிசக்தியும் கொடுப்பார் என்று மேடையில் சொன்னதை நம்பி விதைத்தவர்கள் அவர்களும். ஒரு சாலையைப் போட்டுக் கொடுத்து, வண்டி வந்த பிறகு நடுவில் கல்லைப் போட்ட கதை. கரும்புக்காரனுக்கும் இதே அனுபவம்தான்: 2023 டிசம்பரில் மழை பொய்த்துச் சர்க்கரை குறையும் என்றதும் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கத் தடை வந்தது, 2024 ஆகஸ்ட் முடிவில்தான் அது முழுதாக விலகியது. சமையலறைக்குச் சர்க்கரை முதலில் என்பது சரியான முடிவுதான், நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் ஒரு நாட்டின் எரிபொருளை வானத்தைப் பார்த்து நடத்துகிறோம் என்பதை அது காட்டிவிட்டது.

தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க, வயலில் பாய்கிற தண்ணீரையும் சேர்த்து 2,860 லிட்டர் ஆகும் என்கிறது நிதி ஆயோக். கோடையில் எங்கள் ஊருக்கு 12,000 லிட்டர் தண்ணீர் லாரி வரும், குடத்தை வைத்துக்கொண்டு சண்டை நடக்கும். அந்த ஒரு லாரித் தண்ணீர் நாலு லிட்டர் எத்தனால். பிரேசிலில் கரும்பு பெரும்பாலும் மழையில் விளைகிறது. நம்முடையது கிணற்றிலும் வாய்க்காலிலும். மானாவாரிச் சோளம் அந்த வகையில் தேவலாம் என்று என் சரக்குக்கு நானே விளம்பரம் செய்துகொள்கிறேன். கரும்பு எத்தனாலில் 65 சதவீதமும் சோள எத்தனாலில் 50 சதவீதமும் பசுங்குடில் வாயு குறைவு என்று நீங்கள் காட்டுகிற கணக்கில் நான் போடுகிற யூரியாவுக்கு எவ்வளவு பிடித்தீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ள ஆசை.

ஆலைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் பாடு வேறு. பஞ்சாபில் ஜீரா அருகே மன்சூர்வால் கிராமத்தார் நிலத்தடி நீர் கெட்டுப்போகிறது என்று 2022 ஜூலை முதல் ஆலை வாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்ததும், 2023 ஜனவரியில் அந்த ஆலையை மூடுவதாக அம்மாநில முதல்வர் அறிவித்ததும் உங்களுக்குத் தெரியும். வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கிற பானிபட் ஆலையை 2022 ஆகஸ்டில் திறந்தீர்களே, அந்தப் பாதையில் பத்து ஆலை வந்தால் என் ஓட்டு அதற்குத்தான். வயிற்றுக்குப் போகிற எதையும் அது தொடுவதில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பம்பின் மேல், விலை எழுதியிருக்கிற அதே அளவு எழுத்தில், தமிழில், இதில் எத்தனால் 20 சதவீதம் என்று எழுதுங்கள். பில்லிலும் அச்சடியுங்கள். 2023-க்கு முந்தைய வண்டிக்காரருக்காகத் தாலுகாவுக்கு ஒரு பங்க்கிலாவது ஒரு குழாயில் இ10 கொடுங்கள். அந்த வண்டிகள் தேய்ந்து முடிகிறவரை போதும், அதன் பிறகு அந்தக் குழாயும் உங்களுடையது. தனித் தொட்டி, தனி டேங்கர், செலவு என்று அதிகாரிகள் சொல்வார்கள். பிரீமியம் பெட்ரோலுக்குத் தனித் தொட்டி கட்டத் தெரிந்தவர்கள்தானே?

பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு அதிகம் ஆகாது என்று உங்கள் அமைச்சகமே சொன்னது. எந்த வண்டிக்கு எந்தப் பாகம்? கடையில் நான் வாங்குகிற டியூப் எத்தனால் தாங்குமா தாங்காதா என்று அதன் மேல் ஒரு முத்திரையும் இல்லை. கடைக்காரர் "தாங்கும்ணே" என்கிறார். அவர் எதைக் கேட்டாலும் தாங்கும் என்பார். வண்டி கம்பெனிகளிடம் மாடல்வாரியாக ஒரு பட்டியல் வாங்கித் தமிழில் வெளியிடுங்கள். பாகத்தில் 'இ20' முத்திரையைக் கட்டாயமாக்குங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகாத வண்டிகள்தான் நாட்டில் அதிகம், அவை எங்களைப் போன்ற தகரக்கொட்டகைக்குத்தான் வருகின்றன. கார்புரேட்டர் வண்டியை இ20-க்கு எப்படிச் சரிசெய்வது என்று எங்களுக்கு அரை நாள் வகுப்பு எடுங்கள், கடையை மூடிவிட்டு வருகிறோம். இதுவரை எனக்கு ஒரு துண்டுத் தாள்கூட வரவில்லை.

விலையில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாயாவது குறைத்து, இது சக்தி குறைவுக்கான ஈடு என்று சொல்லிப் பாருங்கள். பணத்தைவிட அந்தச் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

2026 அக்டோபர் 31 வரை இ20-தான் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு அப்பால் இ27, இ30 என்று பேச்சு அடிபடுகிறது. அந்த முடிவை எடுக்கிற கூட்டத்தில் ஆலைக்காரர் இருப்பார், எண்ணெய்க் கம்பெனி இருக்கும், வண்டி கம்பெனி இருக்கும். ஒரு நாற்காலி சோளக்காரனுக்கு, ஒன்று கோழிப்பண்ணைக்காரருக்கு, ஒன்று மெக்கானிக்குக்குப் போடுங்கள். மூன்றுக்கும் சேர்த்து எங்கள் குடும்பத்திலிருந்தே ஆள் அனுப்பலாம்.

இப்படிக்கு,
பெரம்பலூர் மாவட்டத்து மெக்கானிக், மக்காச்சோள விவசாயி.

பின்குறிப்பு: பால்காரர் வண்டி சரியாகிவிட்டது. டேங்கை வடித்துக் கழுவி, டியூப், ஊசி, ஓ-ரிங், மூடி வாசர் மாற்றி, ஒரு நம்பர் பெரிய ஜெட் போட்டுக் கொடுத்தேன். ஜாடியில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் காட்டினேன், முழுசாகப் பார்த்தார், தலையாட்டினார். எதிர் பங்க்காரரோடு மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பங்க்குக்குப் போய் அதே இ20-ஐ ஊற்றிக்கொண்டு வருகிறார்.